காது இம்ப்ளான்ட் ஆபரேஷனில் ‘நேவிகேஷன்’: 1 மில்லிமீட்டர் துல்லியம் ஏன் போதாது?

மூளை, சைனஸ் அறுவை சிகிச்சைகளில் டாக்டருக்கு வழிகாட்டும் நேவிகேஷன் கருவி, இன்று பெரிய மருத்துவமனைகளில் சாதாரணமாகிவிட்டது. ஆனால் காது கேளாதவர்களுக்குச் செய்யப்படும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சையில் மட்டும் அது இன்னும் வழக்கமான ஒன்றாகவில்லை. பணம் மட்டும் இதற்குக் காரணம் இல்லை. ஒரு கணக்கு இடிக்கிறது.

காதுக்குப் பின்னாலிருந்து உள்காதுக்குப் போகும் பாதையில் ஒரு இடுக்கு இருக்கிறது. பலருக்கு அதன் அகலம் 2.5 மி.மீ. அளவுதான். அதன் ஒரு பக்கம் முகத்தை அசைக்கும் நரம்பு, மறுபக்கம் நாக்குக்குச் சுவை சொல்லும் நரம்பு. வழக்கமான நேவிகேஷன் கருவிகளின் பிழையோ 1 முதல் 2 மி.மீ. வரை. பாதையின் அகலத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாகப் பிழை வரக்கூடிய ஒரு வழிகாட்டியை நம்பி உள்ளே போக முடியுமா?

இந்தக் கேள்விக்குத்தான் அமெரிக்காவிலும் ஸ்விட்சர்லாந்திலும் டாக்டர்களும் இன்ஜினியர்களும் சேர்ந்து பல வருடங்களாகப் பதில் தேடினார்கள். அவர்கள் கண்டுபிடித்தது என்ன? நம்ம ஊர் பெற்றோர் இதில் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

காக்ளியர் இம்ப்ளான்ட் என்ன செய்யுது?

சாதாரண காது மெஷின் சத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கும். அவ்வளவுதான். உள்காதில் இருக்கும் நுண்ணிய முடி செல்கள் அதிகமாகச் சேதமாகியிருந்தால், எவ்வளவு பெரிய சத்தம் கொடுத்தாலும் பயன் இருக்காது.

அங்கேதான் காக்ளியர் இம்ப்ளான்ட் வருகிறது. காதுக்குப் பின்னால் மாட்டும் வெளிக்கருவி சத்தத்தை வாங்கி மின்சிக்னலாக மாற்றும். தோலுக்கு அடியில் பதித்த உள்கருவி அந்த சிக்னலை வாங்கி, மெல்லிய வயர் வழியாகக் காக்ளியாவுக்குள் அனுப்பும். அந்த வயரில் கம்பெனியைப் பொறுத்து 12 முதல் 22 வரை எலக்ட்ரோடுகள் இருக்கும். சேதமான செல்களைத் தாண்டி, அவை கேட்கும் நரம்பையே நேரடியாகத் தூண்டும்.

காக்ளியா என்பது நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுருண்ட, பட்டாணி அளவுள்ள ஒரு உறுப்பு. மண்டையின் மிகக் கடினமான எலும்புக்குள் புதைந்து கிடக்கிறது. அந்தச் சுருளுக்குள் வயரை அலுங்காமல் நுழைக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையோ மறுவாழ்வு உதவியோ தேவைப்படும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது. அதில் 3.4 கோடிப் பேர் குழந்தைகள். இவர்கள் எல்லோருக்கும் இம்ப்ளான்ட் தேவைப்படாது. ஆனால் தேவைப்படுகிற குழந்தைக்கு அது பேச்சு வருமா, வராதா என்கிற விஷயம்.

டாக்டர்கள் இப்போ எப்படிச் செய்றாங்க?

காதுக்குப் பின்னால் கீறல் போட்டு, அங்குள்ள மாஸ்டாய்ட் எலும்பை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி டிரில்லால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்குவார்கள். எலும்புக்குள் தெரியும் சில அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு முன்னேறுவார்கள். நடுக்காதின் சின்ன எலும்பு ஒன்று, சமநிலையைக் காக்கும் குழாயின் மேடு, பிறகு முக நரம்பு. நரம்பின் மேல் மெல்லிய எலும்புத் தோலை மட்டும் விட்டுவிட்டு, முன்பு சொன்ன இடுக்கைத் திறப்பார்கள். அதன் வழியாகப் பார்த்தால் காக்ளியாவின் வாசலான ‘வட்ட ஜன்னல்’ தெரியும்.

இந்த முறையின் பலம் ஒன்றுதான். டாக்டர் எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கிறார். கூடவே, முகத் தசைகளில் பொருத்திய உணரிகள் நரம்பு தூண்டப்பட்டால் உடனே சத்தம் எழுப்பி எச்சரிக்கும்.

முக நரம்பில் அடி பட்டால் என்ன ஆகும்? அந்தப் பக்கக் கண்ணை மூட முடியாது. சிரித்தால் வாய் ஒரு பக்கம் கோணும். குடிக்கும் தண்ணீர் உதட்டோரம் வழியும். காது கேட்பதற்காக வந்தவர் முகம் கோணித் திரும்புவதை எந்த டாக்டரும் ஏற்கமாட்டார். அனுபவமுள்ள கைகளில் இந்தப் பாதிப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்போ நேவிகேஷன் எதுக்கு?

இன்றைய முறையில், மெல்லிய ஒரு வயர் உள்ளே போவதற்காகப் பெரிய அளவில் எலும்பைக் குடைந்து எடுக்க வேண்டியிருக்கிறது. வயருக்கு அவ்வளவு இடம் தேவையில்லை. டாக்டருடைய கண்ணுக்குத்தான் அந்த இடம் தேவை.

பாதை எங்கே போகிறது என்று துல்லியமாகத் தெரிந்தால், மண்டையின் வெளிப்பக்கத்திலிருந்து காக்ளியா வாசல் வரை நேராக ஒரே ஒரு மெல்லிய துளை போட்டால் போதும். எலும்பு மிச்சம், காயம் சின்னது. முக்கியமாக, வயர் எந்தக் கோணத்தில் உள்ளே போக வேண்டும் என்பதை ஒவ்வொரு நோயாளிக்கும் முன்கூட்டியே தீர்மானிக்கலாம்.

ஆனால் இதில் ஒரு பெரிய ‘ஆனால்’ இருக்கு. இந்தத் துளைக்குள் டாக்டரால் எட்டிப் பார்க்க முடியாது. நரம்பு எங்கே இருக்கிறது என்பது ஸ்கேன் படத்தில் மட்டும்தான் தெரியும். கண்ணை விட்டுவிட்டுக் கணக்கை நம்ப வேண்டும்.

நேவிகேஷன் எப்படி வேலை செய்யுது?

செல்போன் மேப்பை நினைத்துக்கொண்டால் எளிது. மேப்புக்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று ஊரின் வரைபடம். இன்னொன்று, நீங்கள் இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்ற தகவல்.

காது ஆபரேஷனில் வரைபடம் என்பது சி.டி. ஸ்கேன். டாக்டரின் டிரில் முனை எங்கே இருக்கிறது என்பதை ஒரு இன்ஃப்ராரெட் கேமராவோ, மின்காந்த உணரியோ கண்காணிக்கும். இரண்டையும் ஒன்றோடு ஒன்று பொருத்த வேண்டும். படத்தில் இருக்கும் மண்டையும் மேஜை மேல் இருக்கும் மண்டையும் ஒன்றுதான் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த வேலைக்குப் பெயர் ‘ரெஜிஸ்ட்ரேஷன்’.

இதற்காக நோயாளியின் தலையில் சில அடையாளப் புள்ளிகளை வைப்பார்கள். அவை ஸ்கேன் படத்திலும் தெரியும், நேரிலும் தெரியும். நேரில் ஒவ்வொரு புள்ளியையும் கருவியால் தொட்டுக் காட்டினால், கம்ப்யூட்டர் படத்தை அதற்கேற்பத் திருப்பி, நகர்த்திப் பொருத்திக்கொள்ளும்.

செல்போன் மேப் சில மீட்டர் தள்ளிக் காட்டினாலும் ரோட்டில் போகிறவருக்குக் கவலை இல்லை. பஸ் ஸ்டாண்டு வரை சரியாகக் கொண்டுவந்து விட்டுவிடும். ஆனால் சந்துக்குள் எந்த வீட்டுக் கதவு என்று கேட்டால் தடுமாறும். சைனஸ் ஆபரேஷன் பஸ் ஸ்டாண்டைக் கண்டுபிடிப்பது மாதிரி. காக்ளியா, அந்தச் சந்துக்குள் இருக்கும் கதவு.

பிழை எங்கிருந்து வருது?

ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. சின்னச் சின்னதாகப் பல இடங்களிலிருந்து வந்து சேர்கிறது.

முதலில் ஸ்கேன். காதுக்கான சி.டி. ஸ்கேனில் ஒரு அடுக்கின் தடிமனே சுமார் அரை மி.மீ. இருக்கும். படத்தில் ஒரு புள்ளி தள்ளிப் போனாலே கணக்கு மாறிவிடும்.

இரண்டாவது அடையாளப் புள்ளி. தோலில் ஒட்டும் ஸ்டிக்கர் என்றால், தோல் நகரும்போது அதுவும் நகரும். எலும்பில் திருகிய சின்ன ஸ்க்ரூ நகராது. அதனால்தான் உள்காது வேலைக்கு எலும்பு ஸ்க்ரூ தேவைப்படுகிறது.

மூன்றாவது கண்காணிக்கும் கேமரா. அதற்கும் சொந்தமாக ஒரு பிழை உண்டு. நான்காவது டிரில். மெல்லிய டிரில் எலும்புக்குள் போகும்போது லேசாக வளையும். மாஸ்டாய்ட் எலும்பு தேன்கூடு மாதிரி அறை அறையாக இருப்பதால், சரிவான இடத்தில் படும்போது டிரில் வழுக்கவும் செய்யும். ஐந்தாவது, ஸ்கேனுக்குப் பிறகு நோயாளியின் தலை இம்மியளவு அசைந்தாலும் அதுவும் இந்தக் கணக்கில் சேரும்.

திரையில் காட்டும் எண்ணை நம்பலாமா?

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படாத, ஆனால் முக்கியமான இடம் இதுதான்.

ரெஜிஸ்ட்ரேஷன் முடிந்ததும் பல கருவிகள் திரையில் ஒரு எண்ணைக் காட்டும். உதாரணமாக ‘0.5 மி.மீ.’ என்று வந்தால், கருவியின் துல்லியம் 0.5 மி.மீ. என்று நினைக்கத் தோன்றும். அது தப்பு.

அடையாளப் புள்ளிகள் ஒன்றோடொன்று எவ்வளவு நன்றாகப் பொருந்தின என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. டிரில் போய்ச் சேர வேண்டிய இடத்தில், அதாவது காக்ளியா வாசலில், பிழை எவ்வளவு என்பதை அது சொல்லவில்லை. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஃபிட்ஸ்பாட்ரிக் இதைக் கணித ரீதியாகவே நிறுவினார். 2009ல் அவர் வெளியிட்ட ஆய்வின் சாரம் இதுதான்: புள்ளிகளில் தெரியும் பிழைக்கும் இலக்கில் இருக்கும் பிழைக்கும் புள்ளியியல் ரீதியாகத் தொடர்பே இல்லை. திரையில் எண் சின்னதாக வந்ததாலேயே அந்த நோயாளிக்கு வழி சரியாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

இது எப்படி? நிலம் அளக்க வரும் சர்வேயரை நினைத்துப் பாருங்கள். நாலு எல்லைக்கல்லையும் சேர்த்து ஒரே திசையில் இரண்டு அடி தள்ளி நட்டுவிட்டால், கல்லுக்குக் கல் அளந்தால் அளவு கச்சிதமாக வரும். ஆனால் வேலி பக்கத்து வீட்டு நிலத்தில் நிற்கும்.

அப்போ இலக்கில் பிழையைக் குறைப்பது எது? புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்பது. இலக்கைச் சுற்றிலும், நன்றாகத் தள்ளித் தள்ளி வைத்தால் பிழை குறையும். எல்லாப் புள்ளிகளையும் ஒரே மூலையில் குவித்தால், இலக்கு தூரம் போகப் போகப் பிழை கூடும். ஒரே ஆணியில் மாட்டிய போட்டோ லேசாகத் தட்டினாலே சாய்வதைப் போல.

அமெரிக்கா: துளை சரி, வெப்பம் தப்பு

அதே வாண்டர்பில்ட்டில், ராபர்ட் லபாடி என்ற காது அறுவை சிகிச்சை நிபுணரும் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் சேர்ந்து வேறு வழியில் யோசித்தார்கள். கேமரா பிழை தரும் என்றால் கேமராவே வேண்டாமே!

நோயாளியின் மண்டை எலும்பில் சின்ன ஸ்க்ரூக்களைப் பொருத்தி, ஸ்கேன் எடுத்தார்கள். கம்ப்யூட்டரில் பாதையைத் தீர்மானித்தார்கள். பிறகு அந்த நோயாளிக்கு மட்டுமே பொருந்தும் குட்டி மேஜை போன்ற ஒரு சட்டத்தை, ஆபரேஷன் நடக்கும்போதே இயந்திரத்தில் வெட்டித் தயாரித்தார்கள். அந்த மேஜையின் கால்கள் மண்டையில் இருக்கும் ஸ்க்ரூக்களில் போய் உட்காரும். மேஜையில் இருக்கும் துளை வழியாக டிரில் போனால், அது ஒரே பாதையில்தான் போக முடியும். இதற்கு ‘மைக்ரோடேபிள்’ என்று பெயர். தலை அசைந்தாலும் மேஜையும் கூடவே அசையும் என்பதால் அந்தப் பிழைக்கும் இடமில்லை.

2014ல் 9 நோயாளிகளின் முடிவுகளை அந்தக் குழு வெளியிட்டது. இந்த முறை சாத்தியம்தான் என்பது உறுதியானது. ஆனால் ஒரு நோயாளிக்கு முக நரம்பு பாதிக்கப்பட்டது. 12 மாதங்கள் கழித்தும் முகத்தில் லேசான பலவீனம் மிச்சம் இருந்தது.

டிரில் சுழலும்போது உண்டான வெப்பம்தான் பிரச்னை என்று குழு கண்டறிந்தது. டிரில் நரம்பைத் தொடாமல் பக்கத்தில் போனாலே போதும், சூடு நரம்பைச் சுட்டுவிடும். எலும்பு 47 டிகிரி செல்சியஸை ஒரு நிமிடம் தாங்கினாலே அதன் செல்கள் பாதிக்கப்படத் தொடங்கும் என்பது மருத்துவத்தில் பழைய பாடம். நரம்பு அதைவிட மென்மையானது. பெரிய குழியில் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பது சுலபம், மெல்லிய துளைக்குள் அது கஷ்டம். அதன்பின் டிரில் வடிவமைப்பை மாற்றினார்கள்.

எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறோம் என்ற எண் மட்டுமே பாதுகாப்பு ஆகாது என்பதை அந்த ஒரு நோயாளியின் அனுபவம் காட்டியது.

ஸ்விட்சர்லாந்து: விமானம் மாதிரி ஒரு ஆபரேஷன்

அடுத்த பெரிய அடி, ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில். ஸ்டெஃபான் வெபர் தலைமையிலான இன்ஜினியர்களும், மார்கோ கவெர்சாச்சியோ தலைமையிலான டாக்டர்களும் ஒரு ரோபோவை உருவாக்கினார்கள். 2016ல் பெர்ன் பல்கலைக்கழக மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு, உள்காது வரையிலான துளையை அந்த ரோபோ போட்டது. அடுத்த ஆண்டு ‘சயின்ஸ் ரோபாட்டிக்ஸ்’ இதழில் விவரங்கள் வெளியாயின.

மேகமூட்டத்தில் வெளியே எதுவும் தெரியாதபோது, பைலட் கருவிகளை மட்டும் நம்பி விமானத்தை ஓட்டுவார் இல்லையா? அதோடுதான் தங்கள் முறையை அந்தக் குழு ஒப்பிட்டது. ஆனால் எந்த பைலட்டும் ஒரே ஒரு கருவியை நம்பி விமானத்தை இறக்குவதில்லை. பெர்ன் குழுவும் ஒரே எண்ணை நம்பவில்லை. மூன்று தனித்தனிக் காவல்களை வைத்தது.

ஒன்று, மிக உயர்ந்த துல்லியமுள்ள கேமரா கண்காணிப்பு. ஆய்வகச் சோதனைகளில் இந்த ரோபோவின் சராசரிப் பிழை 0.15 மி.மீ.தான்.

இரண்டு, டிரில் உணரும் அழுத்தம். எலும்பு எங்கே அடர்த்தியாக இருக்கிறது, எங்கே காற்றறைகள் இருக்கின்றன என்பது ஸ்கேனில் தெரியும். டிரில் போகும்போது அதே வரிசையில் அழுத்தம் கூடிக் குறைகிறதா என்று கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே நடந்து, எந்த அறையில் இருக்கிறோம் என்று கண்டுபிடிப்பது போல.

மூன்று, நரம்புச் சோதனை. முக நரம்பை நெருங்கும்போது டிரில்லை நிறுத்திவிட்டு, துளைக்குள் ஒரு மெல்லிய கருவியை விட்டு மின்தூண்டல் கொடுப்பார்கள். எவ்வளவு குறைந்த மின்சாரத்தில் முகத் தசை துடிக்கிறது என்பதை வைத்து, நரம்பு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். இவை தவிர, இடையில் ஒரு ஸ்கேனும் எடுத்துப் பார்த்த பிறகே ஆபத்தான கட்டத்தைத் தாண்டுவார்கள்.

0.4 என்ற எண் எங்கிருந்து வந்தது?

பெர்ன் முறையில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. துளையின் விளிம்புக்கும் முக நரம்புக்கும் நடுவே குறைந்தது 0.4 மி.மீ. இடைவெளி வேண்டும். சுவை நரம்புக்கு 0.3 மி.மீ. இந்த இடத்தில் டிரில்லின் தடிமன் 1.8 மி.மீ.

கூட்டிப் பாருங்கள். 0.4, 1.8, 0.3. மொத்தம் 2.5 மி.மீ. இடுக்கு அதைவிடக் குறுகலாக இருந்தால், அந்த நோயாளிக்கு இந்த முறை கிடையாது. வழக்கமான ஆபரேஷன்தான்.

சராசரிப் பிழை 0.15 மி.மீ. என்றால் 0.4 எதற்கு? ஏனென்றால் சராசரி என்பது பாதிக் கதைதான். ஒரு ஆற்றின் சராசரி ஆழம் நாலடி என்று கேட்டு இறங்கியவர் நடு ஆற்றில் மூழ்கலாம். பெர்ன் ரோபோவின் பிழை சராசரியிலிருந்து விலகும் அளவு, அதாவது திட்ட விலக்கம், 0.08 மி.மீ. சராசரியோடு அதைப் போல மூன்று மடங்கைச் சேர்த்தால், 0.15 கூட்டல் 0.24, ஆக 0.39 மி.மீ. வருகிறது. தோராயமாகச் சொன்னால், மிக மோசமான நாளில்கூட டிரில் நரம்பைத் தொடக்கூடாது என்றால் 0.4 மி.மீ. தேவை.

இதே கணக்கை 1 மி.மீ. சராசரிப் பிழையுள்ள சாதாரண நேவிகேஷனுக்குப் போட்டால், அந்த 2.5 மி.மீ. இடுக்கில் துளை போடவே இடம் இருக்காது. தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

துளை போட்டாச்சு, வயர்?

துளை என்பது பாதி வேலைதான். காக்ளியாவுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அறைகள் உண்டு. வயர் கீழ் அறையிலேயே போக வேண்டும். நடுவில் இருக்கும் மெல்லிய சவ்வைக் கிழித்துக்கொண்டு மேல் அறைக்குத் தாவினால், மிச்சம் இருக்கும் இயற்கையான கேட்கும் திறனும் போகலாம். சில சமயம் வயரின் நுனி மடங்கிக்கொள்வதும் உண்டு.

ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க், பல எலக்ட்ரோடுகள் கொண்ட இம்ப்ளான்ட்டை 1978ல் மெல்போர்னில் பொருத்தியவர். சுருளுக்குள் வயரை எப்படி நுழைப்பது என்று அவர் குழம்பியிருந்தபோது, கடற்கரையில் கிடந்த ஒரு சங்கு ஓட்டுக்குள் புல்லை நுழைத்துப் பார்த்தாராம். அடி விறைப்பாகவும் நுனி மெதுவாகவும் இருந்த புல் வளைந்து உள்ளே போனது. வயரும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குப் பிடிபட்டது.

2016ல் பெர்னிலும் வயரை நுழைத்தது ரோபோ இல்லை, டாக்டரின் கைதான். மனிதக் கை எவ்வளவு பழகினாலும் மிக மெதுவாக, ஒரே சீரான வேகத்தில் தள்ளுவது கடினம். அதற்கென்றே பிரான்சில் ‘ரோபோடால்’, அமெரிக்காவில் ‘ஐயோட்டாசாஃப்ட்’ போன்ற கருவிகள் வந்திருக்கின்றன. ஐயோட்டாசாஃப்ட்டுக்கு 2021ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது.

பாதுகாப்பை எப்படி நிரூபிப்பது?

முன்பு சொன்ன அந்த 1 சதவீதம் இப்போது தேவைப்படுகிறது. பழைய முறையிலேயே நரம்புப் பாதிப்பு 100ல் ஒருவருக்கும் குறைவு. புதிய முறை அதைவிட நல்லது என்று சொல்ல எத்தனை பேருக்குச் செய்து காட்ட வேண்டும்?

புள்ளியியலில் எளிய விதி ஒன்று இருக்கிறது. 30 பேருக்குச் செய்து ஒருவருக்கும் பாதிப்பு வரவில்லை என்றால், உண்மையான பாதிப்பு விகிதம் 10 சதவீதம் வரை இருக்க வாய்ப்பு இருக்கிறது என்றுதான் அர்த்தம். 300 பேருக்குச் செய்து ஒன்றும் நடக்காமல் இருந்தால்தான், ‘1 சதவீதத்துக்குள்’ என்றே ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். பழையதைவிட மேல் என்று சொல்ல அதற்கும் மேலே போக வேண்டும்.

அதனால் ‘இதுவரை ஒருவருக்கும் பாதிப்பில்லை’ என்ற வார்த்தையைக் கேட்டால், ‘எத்தனை பேரில்?’ என்ற கேள்வியும் உடனே வர வேண்டும்.

அப்போ சாதாரண நேவிகேஷன் வேஸ்ட்டா?

இல்லை. சில காதுகளில் அது பெரிய துணை. பிறவியிலேயே காக்ளியா சரியாக உருவாகாத குழந்தைகள் இருக்கிறார்கள். மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு காக்ளியாவின் குழி எலும்பாக மூடிக்கொள்வதும் உண்டு. ஏற்கெனவே ஆபரேஷன் செய்த காதில் வழக்கமான அடையாளங்கள் அழிந்திருக்கும். இங்கெல்லாம் ‘எந்தப் பக்கம் போகிறோம்’ என்று தெரிவதே பெரிய விஷயம். அதற்கு 1 மி.மீ. துல்லியமும் உதவும்.

வித்தியாசம் இதுதான். அங்கே டாக்டர் கண்ணால் பார்த்துக்கொண்டே நேவிகேஷனைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார். துளை முறையிலோ நேவிகேஷனே கண்ணாகிவிடுகிறது. துணைக்குப் போதுமான துல்லியம், கண்ணுக்குப் போதாது.

தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு இதில் என்ன?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சின்னக் குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்தப்படுகிறது. மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டத்திலும் இதற்கு உதவி உண்டு. இந்த ஆபரேஷன்கள் பெரும்பாலும் மைக்ரோஸ்கோப், நரம்புக் கண்காணிப்பு, டாக்டரின் அனுபவம் ஆகியவற்றை நம்பியே நடக்கின்றன. ரோபோவோ நேவிகேஷனோ இல்லை என்பதால் குழந்தைக்கு இரண்டாம் தரச் சிகிச்சை கிடைக்கிறது என்று பெற்றோர் பதற வேண்டியதில்லை.

குழந்தைகளுக்கு இந்தப் புதிய முறையில் கூடுதல் சிக்கலும் இருக்கு. காக்ளியாவும் நடுக்காதும் பிறக்கும்போதே கிட்டத்தட்ட முழு அளவில் இருக்கும். ஆனால் மண்டை எலும்பு மெல்லியது, ஸ்க்ரூ பிடிக்க வேண்டிய இடம் குறைவு. மாஸ்டாய்ட் எலும்பு முழுதாக வளராததால் முக நரம்பு வெளிப்பக்கத்துக்கு நெருக்கமாக இருக்கும். கூடுதல் ஸ்கேன் என்றால் கூடுதல் கதிர்வீச்சும் உண்டு.

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் காலம். சத்தத்தைப் பேச்சாகப் புரிந்துகொள்ள மூளை பழகுவது முதல் சில வருடங்களில்தான். நவீன கருவி இருக்கும் இடம் தேடி ஒரு வருடம் காத்திருந்தால், அந்த ஒரு வருடத்தை எந்த ரோபோவாலும் திருப்பித் தர முடியாது. ஆபரேஷனுக்குப் பிறகு மாதக்கணக்கில் எடுக்க வேண்டிய கேட்டல், பேச்சுப் பயிற்சியும் அதே அளவுக்கு முக்கியம்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

‘நேவிகேஷன் இருக்கா, ரோபோ இருக்கா?’ என்பது முதல் கேள்வியாக இருக்கத் தேவையில்லை. நீங்கள் இந்த ஆபரேஷனை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? என் குழந்தையின் ஸ்கேனில் காக்ளியாவும் முக நரம்பும் வழக்கமான இடத்தில் இருக்கின்றனவா? ஆபரேஷன் முழுக்க நரம்புக் கண்காணிப்பு இருக்குமா? பயிற்சி எங்கே, எவ்வளவு நாள்? இவற்றை முதலில் கேட்கலாம்.

நேவிகேஷனோ ரோபோவோ பயன்படுத்தப்போவதாக டாக்டர் சொன்னால், மூன்று கேள்விகள் கூடுதலாக. இந்தத் துல்லியம் காக்ளியா வாசலில் அளந்ததா, திரையில் காட்டியதா? சராசரி சரி, மிக மோசமான அளவு என்ன? கருவி தவறினால் தடுக்க அடுத்த காவல் எது?

இந்த மூன்று கேள்விக்கும் நேரடியாகப் பதில் சொல்லும் இடத்தில் அந்தக் கருவியை நம்பலாம். பதிலுக்குப் பதில் விளம்பர நோட்டீஸை நீட்டினால், இன்னொரு டாக்டரிடமும் கருத்துக் கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது.